நடு எழுத்தில் படர்ந்த மை

செக்கு திரும்பிவந்தால் அதற்கென்றே இப்போது தனிச் சட்டம் வந்திருக்கிறதாம். நோட்டீஸ் விட வேண்டும், கெடு முடிய வேண்டும், அப்புறம் கேஸ். வக்கீல் குமாஸ்தா சங்கத்துப் பிள்ளைகள் ஆண்டு மலர் போடுகிறார்கள். அந்தச் சட்டம் இல்லாத காலத்தில் செக்குக் கேசை எப்படி நடத்தினீர்கள், எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எனக்கு ஐந்தாவதுக்கு மேல் படிப்பு இல்லை. தெரிந்ததை எழுதுகிறேன். ஒரே ஒரு கேசைத்தான் எழுதப்போகிறேன். அதில் நான் நடந்துகொண்டது சரியில்லை. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் பெயர் கன்னியப்பன். ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் கடைசிவரை குமாஸ்தாவாக இருந்தேன். ஆபீசைப் பெருக்கத்தான் முதலில் சேர்ந்தேன். கேஸ் கட்டுத் தைப்பது, ஸ்டாம்பு ஒட்டுவது, கோர்ட்டில் யாரைப் பார்த்தால் எந்த வேலை நடக்கும் என்பது எல்லாம் பார்த்துப் பார்த்து வந்தது. இங்கிலீஷ் மட்டும் வரவில்லை. எழுத்துக் கூட்டுவேன். அர்த்தம் தெரியாது.

வெள்ளைக்காரன் போய் நாலைந்து வருஷம் இருக்கும். ஐயா ஒரு டைப்ரைட்டர் வாங்கினார். எங்கள் வக்கீலை நாங்கள் ஐயா என்போம், கோர்ட்டில் சார் என்போம். டைப் அடிக்க சபாபதி வந்தான். வியாசர்பாடிப் பையன், அப்பா ரயில்வேயில் பிட்டர். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு சுருக்கெழுத்தும் படித்திருந்தான். நான் அந்த ஆபீசில் பதினொரு வருஷமாக முக்காலியில் உட்கார்ந்தவன். அவனுக்கு வந்த அன்றே பிரம்பு பின்னின நாற்காலி. டைப் அடிக்கிறவன் முதுகு சாய வேண்டுமாம்.

நாற்காலியைப் பொறுத்துக்கொண்டேன். புத்தக பீரோ சாவியைப் பொறுக்க முடியவில்லை. அது என் இடுப்புக் கயிற்றில் இருந்தது. ஒரு நாள் ஐயா, சாவியை சபாபதியிடம் கொடுத்துவிடு, எந்தப் புத்தகம் என்று உனக்கு விளக்குவதற்குள் பொழுது போய்விடுகிறது என்றார். கழற்றிக் கொடுத்தேன். மத்தியானம் சாப்பிடவில்லை. பக்கத்து ஆபீஸ் குமாஸ்தா துலுக்காணம் டீக்கடையில் வைத்து, "இன்னா மாமு, சாவி பூட்ச்சாமே. முக்காலியாவது கீதா?" என்றான். அவனோடு ஒரு மாதம் பேசவில்லை.

சபாபதியிடம் ஒரு குறை கண்டுபிடிக்க வேண்டும் என்று நானும் தேடினேன். கிடைக்கவில்லை. நான் உள்ளே வந்தால் எழுந்து நிற்பான். அண்ணே என்றுதான் கூப்பிடுவான். என் டீக்கும் சேர்த்து அவனே கொடுத்துவிடுவான். அதனால் எரிச்சல் கூடியதே ஒழியக் குறையவில்லை. ஐயா அவனை ஒரு தடவையாவது திட்ட வேண்டும், நான் அதைப் பார்க்க வேண்டும். அந்த நாளில் எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

இனி செக்குக் கேஸ். அப்போது எங்கள் பக்கத்தில் செக்குப் புத்தகம் வைத்திருந்தவனே அபூர்வம். புகார் கொடுத்தால் 420 போடுவார்கள். ஏமாற்றிப் பொருள் வாங்கியது என்று அர்த்தம். அந்த மாதிரிக் கேஸ் வந்தால் ஐயா மேலே சுற்றும் விசிறியை நிறுத்தச் சொல்வார். கட்சிக்காரனை எதிரில் உட்கார வைத்து ஒரே கதையை மூன்று தடவை சொல்ல வைப்பார். முதல் இரண்டு தடவையும் பேனாவைத் தொட மாட்டார். மூன்றாவது தடவை எழுதுவார். மூன்றுக்கும் எங்கே வித்தியாசம் வருகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போடுவார்.

பிறகு கேள்வி. சரக்கு முன்னாடி வந்ததா, செக்கு முன்னாடி போனதா? பேங்கில் பணம் இல்லை என்பது செக்கை வாங்கினவனுக்குத் தெரியுமா? தேதியை யார் எழுதினது? பணத்துக்குக் கொடுத்ததா, கடனுக்குப் பிடிமானமாகக் கொடுத்து வைத்ததா? ஏன் இதைக் கேட்கிறார் என்று எங்களுக்கும் சொல்லிவைத்திருந்தார்.

"பேங்கில் பணம் இல்லாமல் போறது குத்தம் இல்லைப்பா. கொடுக்கிற அன்னிக்கே ஏமாத்தணும்னு மனசில் இருந்தால்தான் குத்தம். சரக்கு முந்தியே வந்தாச்சுன்னா செக்கைக் காட்டி எதையும் வாங்கலைன்னு ஆகும். வாங்கினவனுக்குப் பணம் இல்லைன்னு தெரியும்னா அவன் ஏமாறவே இல்லை. அப்புறம் அது சிவில். சிவிலுக்கு எவனையும் ஜெயிலில் வைக்கக்கூடாது."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

லாசர் கேசுக்கு வருகிறேன். லாசர் ஓடாவி. படகுக்குப் பலகை போடுகிற தச்சன். அவன் வீடும் எங்கள் ஆபீசும் இரண்டு தெரு தள்ளி. மணலில் கரையேற்றி வைத்து மீனவர் படகுகளைச் செப்பனிட்டவன், கொஞ்ச நாளாகத் துறைமுகத்துச் சரக்குப் படகுகளும் எடுத்துச் செய்தான். அந்தக் கம்பெனிக்காரர்கள் செக்காகத்தான் கொடுப்பார்கள். அதை மாற்றுவதற்காக பேங்கில் கணக்குத் திறந்தான். அங்கே ஒரு செக்குப் புத்தகத்தையும் கையில் கொடுத்துவிட்டார்கள்.

மரவாடி ஒன்றில் கடனுக்குத் தேக்குப் பலகை எடுத்திருக்கிறான். இருநூற்று நாற்பது ரூபாய். மூன்று மாதம் கழித்து மரவாடிக்காரர், எழுத்தாக ஏதாவது கொடு, உன்னிடம்தான் செக்கு இருக்கிறதே என்று கேட்டிருக்கிறார். பேங்கில் பணம் இல்லை, கம்பெனி கொடுத்ததும் நானே கட்டுகிறேன், அதுவரைக்கும் வைத்திருங்கள் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறான். தேதி போடவில்லை. பிறகு பலகையில் வெடிப்பு இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை. மறுநாள் மரவாடிக்காரர் தேதியைப் போட்டு பேங்கில் செலுத்திவிட்டார். திரும்பிவந்தது. நேராகப் போலீஸ். செக்கை நீட்டிவிட்டு அன்றைக்கே பலகையை ஏற்றிக்கொண்டு போனான் என்று எழுதிக்கொடுத்தார். அவர் கணக்குப்பிள்ளை சாட்சி.

லாசரை உள்ளே வைத்தார்கள். ஜாமீன் மனு தள்ளுபடி ஆனது. அவன் கையில் அப்போது கம்பெனிப் படகு ஒன்று பாதிப் பலகையோடு மணலில் நின்றது. குறித்த நாளில் முடிக்காவிட்டால் வேறு ஓடாவிக்குக் கொடுத்துவிடுவோம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. அது போனால் கம்பெனி வேலை மொத்தமும் போகும். லாசர் பெண்சாதி ரெஜினா தினமும் ஆபீசுக்கு வந்து வாசல் பெஞ்சில் உட்காருவாள். அவள் கேட்டது ஒன்றுதான். படகு கைவிட்டுப் போவதற்குள் வெளியே வருவானா?

மரவாடிக்காரர் கோர்ட்டில் முதல் சாட்சி சொன்னார். செக்கைத் தஸ்தாவேஜாகக் குறித்தார்கள். மாஜிஸ்டிரேட் சார்ஜு படித்தார். குறுக்கு விசாரணைக்கு ஒன்பது நாள் வாய்தா. கையெழுத்து தன்னுடையதுதான் என்று லாசரே ஒப்புக்கொண்டிருந்தான். அதனால் எங்கள் பக்கத்தில் செக்கை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. நகல் வாங்கினால் போதும் என்றார் ஐயா.

நகல் மனுவை நான்தான் கொண்டுபோனேன். நகல் எழுதுகிறவர் சந்தேகம் கேட்டால் சொல்ல வேண்டும் என்று ஒரிஜினலையும் ஒரு தடவை பார்ப்பது என் வழக்கம். பெஞ்சு கிளார்க் மேஜைமேல் வைத்துக் காட்டினார். ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழுந்தது. 'ம. லாசர்' என்று தமிழில் கையெழுத்து. நடுவில் இருந்த 'ச' மட்டும் படர்ந்திருந்தது. மற்ற எழுத்தெல்லாம் கோடு கோடாக நின்றது.

வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இது தெரியும். கோர்ட்டு ஸ்டாம்பைத் தப்பான இடத்தில் ஒட்டிவிட்டால் ஈரத்துணியைப் போட்டு ஊற வைத்து உரித்து எடுப்போம். உரித்த இடத்தில் காகிதத்தின் மேல்பூச்சு கோந்தோடு போய்விடும். அங்கே பேனா வைத்தால் மை நிற்காது, பஞ்சில் வைத்ததுபோல ஓடும். நானே நூறு தடவை அப்படிச் செய்து திட்டு வாங்கியிருக்கிறேன். செக்கைச் சாய்த்துப் பார்த்தேன். 'ச'வைச் சுற்றி ஒரு ஸ்டாம்பு அளவுக்குக் காகிதம் மினுமினுப்பு இல்லாமல் சொரசொரவென்று இருந்தது.

லாசர் வராண்டாவில் ஜெயில் வேனுக்காக உட்கார்ந்திருந்தான். கான்ஸ்டபிளுக்கு ஒரு பீடி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் போனேன். செக்கில் அணா ஸ்டாம்பு ஒட்டினாயா என்று கேட்டேன்.

"ஒட்டாம? ஸ்டாம்பு மேல போட்டாத்தானேண்ணா கையெழுத்து செல்லும்."

"ஐயாகிட்ட ஏன் சொல்லலை?"

"இத்தப் போய் இன்னா சொல்றது? எல்லாரும் ஒட்றதுதானே."

எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரிந்ததெல்லாம் புரோநோட்டு. கடன் என்றால் ஸ்டாம்பு, ஸ்டாம்பின் குறுக்கே கையெழுத்து. செக்குக்கு ஸ்டாம்பு வேண்டியதில்லை. கடனுக்கு ஈடாக எழுதித் தருகிறோம் என்று நினைத்தவன்தான் ஒட்டுவான். வாங்கினவரும் அப்படித்தான் வாங்கி வைத்திருக்கிறார். கேசுக்காக ஸ்டாம்பை உரித்திருக்கிறார். அதோடு போன நடு எழுத்தை அவரே எழுதிச் சேர்த்திருக்கிறார். கேஸ் முழுக்க அந்த ஒரு எழுத்தில் இருந்தது. இங்கிலீஷ் தெரியாத என் கண்ணில் பட்டது.

அன்றைக்கே கிடைத்த நகலோடு டிராமில் வரும்போது ஐயாவிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆபீசில் ஐயா, சபாபதி தயாரித்த ஆறு பக்கக் குறிப்பைப் படித்துக்கொண்டிருந்தார். எந்தெந்தக் கேசில் எந்தக் கோர்ட்டு என்ன சொன்னது என்று வரிசையாக அடித்து வைத்திருந்தான். ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நீ இருந்தால் எனக்கு ஜூனியரே வேண்டாம்ப்பா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, நகல் வந்ததா, மேஜைமேல் வை என்றார். வைத்தேன். சபாபதி அந்த நகலை எடுத்துப் படித்தான். நகலில் மை படராது.

நான் சொல்லவில்லை.

அந்த ஆறு பக்கமும் கோர்ட்டில் தோற்கட்டும், அப்புறம் சொல்வோம் என்று இருந்தேன். மறந்துவிட்டேன் என்று எழுதலாம். எழுத மாட்டேன். ஒன்பது நாளும் நினைவு இருந்தது. ரெஜினா வருவாள். "இன்னாண்ணா, எதுனா வழி கீதா?" என்பாள். ஐயா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டுக் கட்டைத் தைப்பேன். ஏழாம் நாள் வந்தவள் பெஞ்சில் உட்காரவில்லை. எண்ணூரிலிருந்து வேறு ஓடாவியைக் கூட்டிவந்துவிட்டார்களாம், அவன் காலையிலேயே உளி எடுத்துவிட்டானாம். நின்றபடியே சொல்லிவிட்டுப் போனாள். அப்போதும் நான் ஐயா அறைக்குப் போகவில்லை. சபாபதி உள்ளே அவரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

வாய்தா நாள் வந்தது. ஐயா விசாரிக்கும்போது யாரும் அவரிடம் வாயால் பேசக்கூடாது. பின்னால் உட்கார்ந்திருப்பவர் சீட்டு எழுதி நீட்டலாம். அந்த இடத்தில் இப்போது சபாபதி. நான் சுவரோரம்.

சரக்கு எப்போது வந்தது என்று ஐயா கேட்டார். அன்றைக்குத்தான் என்றார் மரவாடிக்காரர். தேதி வேறு கையெழுத்தாக இருக்கிறதே என்றார் ஐயா. அவனுக்கு இங்கிலீஷ் வராது, என்னையே எழுதச் சொன்னான் என்றார். பேங்கில் பணம் இல்லை என்று சொன்னானே என்றார் ஐயா. சொல்லியிருந்தால் பலகை கொடுத்திருப்பேனா என்று திருப்பிக் கேட்டார். மாஜிஸ்டிரேட் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு பக்கமும் தீர்ந்துவிட்டது. நான் காத்திருந்தது அதற்குத்தான். சபாபதியின் கழுத்து வியர்த்திருந்தது. கூண்டில் லாசர் யாரையும் பார்க்கவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காய்ப்பு உரிய ஆரம்பித்திருந்தது. உளி பிடிக்காத கை.

அதற்குமேல் நிற்க முடியவில்லை. குனிந்து சபாபதி காதில் சொன்னேன். நடு எழுத்தைப் பார்க்கச் சொல், ஸ்டாம்பை உரித்து எழுதியிருக்கிறான். அவன் ஏன் என்று கேட்கவில்லை. சீட்டு எழுதி நீட்டினான்.

ஐயா படித்தார். செக்கைக் கேட்டு வாங்கி ஜன்னலுக்குக் கொண்டுபோனார். பூதக்கண்ணாடியை எடுத்தார். ரொம்ப நேரம் பார்த்தார். திரும்பிவந்து மெதுவாக, இந்தச் செக்கில் ஒட்டியிருந்த அணா ஸ்டாம்பு எங்கே என்று மட்டும் கேட்டார். மாஜிஸ்டிரேட் செக்கையும் கண்ணாடியையும் வாங்கித் தானே பார்த்துவிட்டு, பதில் சொல்லும் என்றார்.

"ஸ்டாம்போட கொண்டுபோனா பேங்க்ல சிரிப்பாங்கன்னு எடுத்துட்டேங்க."

"எதற்காக ஒட்டிக் கொடுத்தார்?"

"கடனுக்குன்னா ஒட்டித்தானேங்க கொடுப்பாங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே தெரிந்தது. நடு எழுத்தை யார் எழுதினது என்று ஐயா கேட்டதும் மாஜிஸ்டிரேட்டைப் பார்த்துக் கும்பிட்டார். லாசரைச் சொந்த ஜாமீனில் அப்போதே விட்டார்கள். அடுத்த வாய்தாவில் விடுதலை.

வராண்டாவில் ஐயா சபாபதி தோளைத் தட்டி, நல்ல கண் உனக்கு என்றார்.

"நான் பார்க்கலை சார். கன்னியப்பண்ணன்தான் பார்த்துச் சொன்னாரு" என்றான் சபாபதி.

ஐயா என் பக்கம் திரும்பினார். எப்போது பார்த்தாய் என்றார். இப்போதுதான் சார் என்றேன். அதற்குள் லாசர் ரெஜினாவோடு வந்துவிட்டான். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"அன்னிக்கி வேனுக்கு ஒக்காந்துகினு இருந்தப்போ ஸ்டாம்பு ஒட்னியான்னு கேட்டியேண்ணா, அப்பவே நெனச்சேன். இவரு வுட மாட்டாருன்னு."

"என்னிக்கு?" என்றார் ஐயா.

"சார்ஜு படிச்சாங்களே, அன்னிக்கி."

ஐயா என்னையே பார்த்தார். சபாபதி முன்னால் வந்தான்.

"அண்ணன் அன்னிக்கே என்கிட்ட சொல்லிட்டாரு சார். வெளியே தெரிஞ்சா மரவாடிக்காரர் உஷாராயிடுவாரு, கடைசியில் எடுக்கலாம்னு நான்தான் வைச்சிருந்தேன். உங்ககிட்ட சொல்லாதது என் தப்பு."

ஐயா சத்தம் போட்டு நான் கேட்டது அன்றைக்கு ஒரு தடவைதான். கட்சிக்காரர்கள், டவாலிச் சேவகர், மற்ற குமாஸ்தாக்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். மறுநாளே ஜாமீன் மனு போட்டிருப்பேனே, ஒன்பது நாள் ஒரு மனுஷனை உள்ளே வைத்துவிட்டு உனக்குக் கெட்டிக்காரத்தனம் கேட்கிறதா என்றார். சபாபதி தலை குனிந்து நின்றான். ரெஜினா அவன் எதிரில் போய் நின்றாள்.

"படகு போச்சே தம்பி" என்றாள்.

"மன்னிச்சிடுங்கக்கா."

நான் பக்கத்திலேயே நின்றேன். நான் ஆசைப்பட்டது கண்ணெதிரில் நடந்துகொண்டிருந்தது. வாய் திறக்கவில்லை.

சாயங்காலம் டிராமுக்கு நாங்கள் இரண்டு பேர்தான் நின்றோம். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"இந்த ஆபீஸ் போனா உங்களுக்கு வேற ஆபீஸ் கிடைக்காதுண்ணே. எனக்குக் கிடைக்கும்."

குத்திச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான். அதுவும் உண்மை. அதற்குப் பிறகு ஐயா அவனிடம் ஒரு கட்டைக் கொடுக்கும்போது ஒருமுறை யோசித்துக் கொடுத்தார். அந்த வருஷமே அவனுக்கு ஐகோர்ட்டுப் பக்கம் வேலை கிடைத்தது, போய்விட்டான். போகிற அன்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். குடித்தேன்.

குமாஸ்தாப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. நகலை நம்பாதீர்கள், ஒரிஜினலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பார்த்ததை அன்றைக்கே சொல்லுங்கள்.

லாசருக்குக் கம்பெனி வேலை திரும்பக் கிடைக்கவில்லை. பழையபடி மீனவர் படகுகளைச் செப்பனிட்டான். அவனிடமும் ரெஜினாவிடமும் நான் கடைசிவரை சொல்லவில்லை. தெருவில் பார்த்தால் நின்று கும்பிடுவான். பேச்சில் சபாபதி பெயர் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு மணலில் துப்புவான். ஒவ்வொரு தடவையும் எனக்கு அது உள்ளுக்குள் கொஞ்சம் இதமாகத்தான் இருந்தது.